பத்து மணி ஆள்

டிவி ரிப்பேர் செய்கிறவன் செட்டின் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருப்பான். படம் ஓடுவது அந்தப் பக்கம். போர்டில் கை வைக்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எதிர்ச் சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொள்வான். அறந்தாங்கியில் நான் கடை போட்டிருந்த காலமெல்லாம் சினிமாவையும் சீரியலையும் கண்ணாடிக்குள்தான் பார்த்தேன், இடம் வலம் மாறி. ஹீரோக்களுக்கு வகிடு எந்தப் பக்கம் என்று கேட்டால் இன்றைக்கும் தப்பாகத்தான் சொல்வேன்.

2000-களின் தொடக்கத்தில் ஒரு நாள். பெஞ்சில் ஒரு பழைய கலர் செட். படம் பளிச்சென்று வருகிறது, சத்தம் இல்லை. சவுண்ட் ஐசி போயிருக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் சூடாகட்டும் என்று காத்திருந்தேன். கடை வாசல் ஸ்டூலில் என் தாய்மாமா. பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் வந்து உட்காருவார். ஒரு டீ, ஒரு பன்.

"மாப்ளே, இது யாருடா?"

கண்ணாடியில் பார்த்தேன். "பட்டாபி மாமா. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'ல வர்றவரு."

"சத்தத்தைக் கொண்டாந்துராதே. இப்பிடியே ஓடட்டும்."

எனக்கு வேலை கெட்டது. ஆனாலும் விட்டேன். மாமா டீயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். திரையில் நளினி கோபமாக ஏதோ பேசுகிறார், பக்கத்தில் பட்டாபி நிற்கிறார். சும்மா நிற்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. மாமா கையை நீட்டினார். "பேசுறது அந்தம்மா. ஆனா நீ யாரைப் பாக்குறே? இவனைத்தானே? காலைப் பாரு. ஒரு கால்லதான் நிக்கிறான். அடுத்த கால் ஓடுறதுக்குத் தயாரா இருக்கு. நம்ம ஆளுடா இவன்."

நம்ம ஆள் என்றால் பபூன் என்று அர்த்தம். மாமா முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியவர்.

அந்தப் பட்டாபிதான் எம்.எஸ்.பாஸ்கர். அவருடைய ஊர் முத்துப்பேட்டை. பெயரின் முதல் எழுத்திலேயே ஊர் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் அறந்தாங்கியும் முத்துப்பேட்டையும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. காரைக்குடியில் புறப்பட்டு அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் தாண்டினால் முத்துப்பேட்டை. அவர் வேறு மாவட்டம், நாங்கள் புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் உப்புக்காற்று ஒன்றுதான். மாமா அவரை 'நம்ம ஆள்' என்றபோது இந்த ஊர்க் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. நான் அப்புறமாகச் சொன்னதும், "பாத்தியா?" என்று தொடையைத் தட்டிக்கொண்டார், ஏதோ ஜாதகம் பொருந்திவிட்டதுபோல.

புதுக்கோட்டைக்காரர்களிடம் நடிகன் என்று சொன்னால் முதலில் பி.யு.சின்னப்பாவைத்தான் சொல்வார்கள். 1916-ல் பிறந்தவர், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர், 'உத்தமபுத்திரன்' (1940), 'கண்ணகி' (1942), 'ஜகதலப்பிரதாபன்' (1944) என்று கொடிகட்டிப் பறந்து 35 வயதில் 1951-ல் போய்ச் சேர்ந்தவர். சம்பாதித்ததையெல்லாம் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கித் தள்ளினாராம். இனி இவருக்கு வீடு விற்கக்கூடாது என்று சமஸ்தானமே உத்தரவு போட்டதாம். இந்தக் கதையைச் சொல்லாத டீக்கடை எங்கள் மாவட்டத்தில் கிடையாது. அடுத்து ஜெமினி கணேசன், 1920-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். இவர்கள் எல்லாம் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷம். ராஜபார்ட்டுக்கு ஊர் உரிமை கொண்டாடும். ராஜபார்ட் மேடைக்கு வருகிற வரைக்கும் சனத்தை எழுந்து போகவிடாமல் பிடித்து வைத்திருந்தவனை யார் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்? நாடகம் முடிந்த மறுநாள்கூட "அந்த பபூனு" என்றுதான் பேச்சு. பட்டாபி என்று தெருவெல்லாம் கூப்பிட்டதும், பாஸ்கர் என்ற பெயர் ரொம்ப நாள் கழித்தே வாயில் வந்ததும் அதே பழக்கந்தான்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று இப்போது உள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கம்பெனிகளில் ஒரு முதலாளி, ஒரே கூட்டம், ஒன்றாகச் சாப்பாடு, மாதக்கணக்கில் ஒத்திகை. ஸ்பெஷலில் அது எதுவும் இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர், மிருதங்கம் வேறு ஊர். ஆளுக்குத் தனித்தனியாக முன்பணம், தனித்தனி பஸ். எல்லாரும் முதல்முறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அன்றைக்குச் சாயங்காலம் மேடைக்குப் பின்னாலேதான். ஒத்திகையே கிடையாது. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். எப்படி? சங்கரதாஸ் சுவாமிகள் என்று ஒரு மனிதர் எல்லாருக்கும் பொதுவாகப் பாட்டும் வசனமும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர் அவர். எங்கள் ஊருக்கும் அவரில் ஒரு பங்கு உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடை ஏற்றிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை, சுவாமிகளைத் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டவர். தாளக் கணக்கு எல்லாம் அங்கே ஊறியதுதான். 1922-ல் சுவாமிகள் மறைந்தார். அவர் கட்டிக் கொடுத்த பாதை நூறு வருஷம் தாண்டி ஓடுகிறது. புதுக்கோட்டையில் நாடக நடிகர்களுக்கு ஒரு சங்கமும் இருக்கிறது, மதுரையில் இருப்பதைப் போல.

சுவாமிகள் எல்லாருக்கும் எழுதினார். பபூனுக்கு எழுதி வைத்தது ரொம்பக் குறைவு.

இதில்தான் என் மாமாவின் பிழைப்பே இருந்தது. பத்து மணிக்கு முதலில் மேடைக்கு வருகிறவன் பபூன். அப்போது சனம் இன்னும் அடங்கியிருக்காது. பாயை விரிக்கிறது, பிள்ளை அழுகிறது, கடலை வண்டிக்காரன் கூவுகிறான், முன்வரிசையில் இடச்சண்டை. இவன் தனியாக நின்று பேச வேண்டும். கொஞ்ச நேரத்தில் டான்ஸ்காரி வருவாள். இரண்டு பேரும் சேர்ந்து பாட்டு, சண்டை, காதல், மறுபடி சண்டை. சாமப்பொழுது வரைக்கும் இழுக்க வேண்டும். ராஜபார்ட் வர வேண்டிய பஸ் பொன்னமராவதியில் பஞ்சராகி நின்றால் இன்னும் இழுக்க வேண்டும். "நாரதர் வந்துட்டாரு" என்று ஆர்மோனியக்காரர் கண்ணைக் காட்டியதும், சிரித்துக்கொண்டிருக்கிற சனத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும். மாமா சொல்வார்: "இழுக்கறது யாரு வேணா இழுத்துருவான் மாப்ளே. போற நேரத்துக்குப் போகணும் பாரு, அதுக்குத்தான் சம்பளம்."

அன்பளிப்பு இன்னொரு தலைவலி. வசனத்தின் பாதியில் உள்ளூர்ப் பெரியவர் ஒருத்தர் மேடை ஏறி பத்து ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார். உடனே அவர் பெயரைச் சொல்லி, அவர் தகப்பனார் பெயரைச் சொல்லி, வாழ்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும். மாமா அந்தப் பெயரையே வசனத்துக்குள் இழுத்துக்கொள்வார். வள்ளியைத் தேடிப் போகிற வழியில் வடகாட்டுக்காரரிடம் கடன் கேட்பதாக ஒரு வரி. கொடுத்தவரும் சிரிப்பார், கூட்டமும் சிரிக்கும், கதையும் அறுந்துபோகாது. பிற்பாடு சீரியல்களில் விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு முகத்தைக் காட்டி நிறுத்துவார்களே, அதைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்து ரூபாய் நோட்டு ஞாபகம் வரும்.

நான் தொழில் கற்றது மெட்ராஸில், ரிச்சி தெருவுக்குள் ஒரு கடையில். 1984. ஊரில் அப்போது டிவி என்றால் இலங்கைதான். மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-லேயே தொடங்கிவிட்டது, ஆனால் அந்த அலை எங்கள் பக்கம் எட்டவில்லை. 1982-ல் ரூபவாகினி வந்த பிறகு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கமெல்லாம் உயரமான குழாய்களில் மீன்முள் ஆன்டனாக்கள் தென்கிழக்கைப் பார்த்து நின்றன. 1987-ல் கொடைக்கானல் டவர் வந்ததும் மேற்கே திரும்பின. அந்த ஒரு வருஷத்தில் நான் திருப்பிக் கட்டிய ஆன்டனாக்களுக்குக் கணக்கில்லை. கூரையில் ஏறி நானும், கீழே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங்… போச்சு!" என்று ஒரு பொடியனும்.

ரிச்சி தெருக் கடையில்தான் 'யே ஜோ ஹை ஜிந்தகி' பார்த்தேன். சிரிப்பதற்கென்றே இந்தி தூர்தர்ஷனில் வந்த முதல் தொடர்களில் ஒன்று. எனக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. வீட்டுக்காரர் யார், மைத்துனன் யார் என்பதே பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு ஆள் மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தார். வாரத்துக்கு ஒரு வேஷம். இந்த வாரம் ஒருத்தர், அடுத்த வாரம் வேறொருத்தர், ஆள் ஒன்றுதான். சதீஷ் ஷா என்று பெயர். கதவைத் தட்டி உள்ளே வருவார், ஒரு குழப்பத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். கதை அவருடையது இல்லை, அந்த வாரம் மட்டும் அவருடையது. முந்தின வருஷம் வந்த 'ஜானே பி தோ யாரோ' படத்தில் பாதிக்கு மேல் பிணமாகவே வருவார். ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள், கடைசியில் நாடக மேடையில் கொண்டுபோய் திரௌபதியாக உட்கார வைப்பார்கள். பேசவே முடியாத பாத்திரத்தில் ஒருத்தன் சிரிக்க வைக்க முடியுமென்றால் அவன் தொழில் வாயில் இல்லை. 2025 அக்டோபரில் அவர் இறந்த சேதி வந்தபோது மாமா இல்லை. இருந்திருந்தால் அந்தப் பிணத்தைப் போட்டுக் காட்டியிருப்பேன்.

மெட்ராஸில் அப்போது சிரிப்பு நாடகம் என்றால் சபா. காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர், கிரேஸி மோகன். காத்தாடிக்கு அந்தப் பெயர் சோ நாடகத்தில் போட்ட வேஷத்திலிருந்து வந்தது. மோகனுக்கு 'கிரேஸி' ஒட்டிக்கொண்டது 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்திலிருந்து. பட்டாபி மாதிரிதான், வேஷம் ஆளைத் தின்றுவிடுகிறது. மோகன் நாடகங்களில் நாயகன் எப்போதும் மாது, நாயகி எப்போதும் ஜானகி. சனத்துக்குப் பழகின பெயரைப் புதிய குழப்பத்துக்குள் தள்ளிவிடுகிற வித்தை. தமிழ் டிவியின் சிரிப்புத் தொடர் இந்த மேடையிலிருந்துதான் வந்தது என்று எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். பொய்யில்லை. ஆளும் வசனமும் அங்கிருந்து வந்தவைதான். சபா நாடகத்தை நான் ரேடியோவில் கேட்டாலும் சிரிப்பேன், கண்ணே தேவையில்லை. ஆனால் ஒரு கூடத்துக்குள் நாலு பேர் பேசிக்கொண்டிருக்க ஓரத்தில் ஒருத்தன் நின்றபடியே கண்ணைத் தன் பக்கம் இழுக்கிறானே, அதற்கு வம்சம் வேறு. அது தெருக்கூத்துக் கட்டியங்காரன் வழி, பபூன் வழி. இது என் துணிபு. ஆராய்ச்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பாஸ்கர் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் அடிப்படையில் குரல்காரர். டப்பிங் அறையில் மைக் முன்னால் நின்று அடுத்தவர் உதட்டுக்குத் தன் குரலைப் பொருத்திக்கொண்டிருந்தவர். 1987-ல் விசுவின் 'திருமதி ஒரு வெகுமதி'யில் தலைகாட்டினார், அதற்கப்புறமும் வருஷக்கணக்காகக் குரல்தான் சோறு போட்டது. என் கடைக்கு வந்த செட்டுகளில் பாதி, படம் போய் சத்தம் மட்டும் வந்தவை. கறுத்த திரைக்குள்ளிருந்து எந்தெந்தப் படத்தின் குரலெல்லாமோ வரும். அதில் அவர் குரலும் எத்தனையோ முறை என் காதில் விழுந்திருக்கும், யாரென்று தெரியாமலே. குரலால் பிழைத்தவரின் உடம்பை, சத்தம் போன செட்டில் பார்த்து மாமா கண்டுபிடித்தார். மாமாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார். "அடுத்தவன் உதட்டையே பாத்துக்கிட்டு இருந்தவன்ல. அதான் அந்தம்மா பேசுறப்ப இவன் அப்பிடிக் கேக்குறான்" என்றார். அதற்கு மேல் நல்லதாக யாரும் விமர்சனம் எழுதி நான் படிக்கவில்லை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. கேபிள் தெருத் தெருவாக இழுக்கப்பட்டது. ஜெமினி கணேசனே வயசான காலத்தில் 'கிருஷ்ணதாசி' தொடரில் வந்தார், எங்கள் ஊர் ராஜபார்ட் வீட்டு ஹாலுக்கே வந்த மாதிரி. நாடகத்தை டிவி கொன்றது என்று இன்றைக்கும் மேடையில் பேசுகிறார்கள். மாமாவும் ஆள் கூடியிருக்கும்போது என்னைக் காட்டிச் சொல்வார்: "என் பொழப்பைக் கெடுத்தவன் யாருமில்ல, என் மாப்ளைதான்."

பாதி உண்மை. டிவி இல்லை, கேசட் போட்டுப் படம் ஓட்டுகிற வீடியோ டெக்கு. எண்பதுகளின் கடைசியில் ஒரு கலர் டிவியும் டெக்கும் நாலு கேசட்டும் ஒரு ராத்திரிக்கு வாடகை. ஒரு நாடகத்துக்கு ஆகிற செலவில் கொஞ்சம் காசுக்கே நாலு படம். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்த டெக்குகளை வாடகைக்கு விட்டவர்களில் நானும் ஒருத்தன். ஒரு பங்குனியில் மாமாவுக்கு இருந்த தேதியைத் தள்ளிவிட்டு ஒரு ஊரில் என் டெக்கை வைத்தார்கள். எனக்கு அது தெரியாது என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் செட்டை ஜீப்பில் ஏற்றும்போது மாமா வீட்டுத் திண்ணையைத் தாண்டித்தான் போனேன். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார். "நல்லா ஓட்டு மாப்ளே, வோல்டேஜு பாத்துக்க" என்றார். அதோடு சரி.

டெக்கும் போனது. அப்புறம் ஆர்க்கெஸ்ட்ரா, அப்புறம் ஆடல் பாடல். நாடகம் மட்டும் முழுசாகப் போகவில்லை. நேர்த்திக்கடனுக்கு 'வள்ளி திருமணம்' வைத்தே ஆக வேண்டும் என்கிற ஊர்கள் எங்கள் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. ஆலங்குடிப் பக்கத்து ஊர் ஒன்றின் திருவிழாவில், மாமா ஓய்ந்துபோன பிறகு, ஒரு இளவட்ட பபூன் பத்து மணிக்கு மேடை ஏறினான். முதல் ஐந்து நிமிஷத்திலேயே பட்டாபி மாதிரிப் பேசிக் காட்டினான். சனம் ஆரவாரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தேன். திருப்தி இல்லை. "குரலை எடுத்துட்டான். காலை எடுக்கல" என்றார்.

பாஸ்கர் அப்புறம் சினிமாவில் எங்கெல்லாமோ போனார். 'மொழி'யில் (2007) பிள்ளையைப் பறிகொடுத்து 1984-லேயே நின்றுபோன பேராசிரியர். சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது, அப்படி ஒரு நடை. 'உத்தம வில்லன்' (2015) படத்தில் நடிகனுக்கு மேனேஜர் சொக்கு செட்டியார். '8 தோட்டாக்கள்' (2017) படத்தில் வாழ்க்கை கசந்துபோன கிழவர். பட்டாபியை எதிர்பார்த்துப் போனவர்கள் வாயடைத்து வந்தார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. விடிகாலையில் அரிச்சந்திரன் மயானக் காட்சி நடக்கும்போது ராத்திரி முழுக்கக் கூத்தடித்த பபூனே வேஷம் மாற்றிக்கொண்டு வேறு ஆளாக வந்து நிற்பதை நான் சின்ன வயசிலேயே பாயில் படுத்துக்கொண்டு பார்த்தவன்.

2025 ஆகஸ்ட் முதல் தேதி தேசிய விருது அறிவித்தார்கள். 'பார்க்கிங்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் எம்.எஸ்.பாஸ்கர். சிறந்த தமிழ்ப் படமும் அதுதான், திரைக்கதைக்கும் விருது. அப்போது மாமா போய் நாலு வருஷம். அவர் நோட்டீஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது, ரோஸ் காகிதத்தில். மேலே ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பெரிசாக. கீழே மூலையில் தபால்தலை அளவுக்கு மாமா, கண்ணை உருட்டிக்கொண்டு.

கடையை இப்போது மகன் செல்போன் சர்வீஸ் ஆக்கிவிட்டான். எல்ஈடி டிவியில் பேனல் போனால் புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்வதுதான் ரிப்பேர். விருது அறிவித்த அன்றைக்கு ராத்திரி வீட்டில் 'பார்க்கிங்' போட்டோம். ஒரே வீட்டில் மேலும் கீழும் குடியிருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் கார் நிறுத்துகிற இடத்துக்காக மூளுகிற சண்டை. மேல்வீட்டுப் பையனின் காரை இவர் பார்க்கிற ஒரு இடம் வந்தது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன். ஊமையாக ஓடியது. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு அவர் காலைப் பார்த்தேன்.

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இதுக்கும் சவுண்டு போச்சா?"